டொனேஷனுக்கு ஒரே அர்த்தம்

செவ்வாய்க்கிழமை, நகரி.

எல்லை முடிவாகி நகரி ஆந்திராவோடு போனதிலிருந்து எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலச் சொற்களின் பொருளைத் தெலுங்கில்தான் சொல்ல வேண்டும். இன்று கடைசி நான்கு ஆங்கில எழுத்தும் ஒன்றாக, 'ஷன்' என்று முடியும் இருபது சொற்கள். என் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வள்ளி எழுந்தாள். "டொனேஷன்னா விராளம்னு எழுதிக்கினேன் சார். விராளம்னா இன்னா சார்?"

"நன்கொடை" என்றேன். அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"மாஸ்டர்காரு, ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் சாலு, போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நன்கொடையை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். பிறகு வகுப்பே இருபது சொற்களையும் பொருளோடு பிசகாமல் ஒப்பித்தது. பிள்ளைகளுக்குச் சொல்லும் புரியவில்லை, பொருளும் புரியவில்லை. 'மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்' என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு வேலை நிரந்தரம்.

வள்ளி அதன்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நல்ல மாணவி என்று அவளைத்தான் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.