பட்டி போட்டு மறைத்த விரிசல்

பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்கள் சிவப்பு கிட்டார் விழுப்புரத்தில் என் பட்டறை மேசைமேல் கிடக்கிறது. கம்பி, கழுத்து, ஒயர் எல்லாம் கழற்றியாகிவிட்டது. உங்கள் மகள் மலர்தான் கொண்டுவந்தாள். உங்களைப் போலவே கச்சேரியில் வாசிக்கப் போகிறாளாம். சிவப்பு மட்டும் வேண்டாம், கரும்பச்சை அடித்துக் கொடுங்கள் மாமா என்றாள்.

நான் அதை வாங்கியிருக்கக் கூடாது. வேறு பெயின்டரிடம் அனுப்பியிருக்கலாம். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே கண்ணை மூடிவிட்டீர்கள்.

நான் தினமும் பார்க்கிற கார் கதவு மாதிரி இல்லை இது. மரம் கருகாமல், சூட்டுக்காற்று ஊதும் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, பெயின்ட் கொப்பளித்ததும் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். மலர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்வார் மாட்டுகிற கீழ்முனையில் சிவப்பு உரிந்ததும் அடியில் அடைத்திருந்த சாம்பல் நிறப் பட்டிப் பூச்சு தெரிந்தது. தகடு பட்டதும் அது சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல்.

"முருகன் சித்தப்பா உடைச்சாருன்னு சொல்வாங்களே, அது இதானா மாமா?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்றேன்.

பதினோரு வருஷம் கழித்து, நீங்களே இல்லாதபோதும், என் வாயில் அதுதான் வந்தது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உங்கள் கச்சேரி, ஞாபகமிருக்கிறதா? மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தீர்கள். நான் உங்கள் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசிப்பவன் மாதிரி நின்று பார்த்தேன். வார் கழன்றது. கிட்டார் சிமென்ட் படியில் விழுந்து விரிசல் விட்டது. அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, நானும் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பிறகு உங்கள் தம்பி முருகன் அண்ணன்தான் சாமான்களையெல்லாம் தன் வேனில் ஏற்றினார். அதனால், வீட்டில் பையைத் திறந்ததும் அவரைத்தான் பிடித்தீர்கள்.

"நான் போடலண்ணா," என்றார் முருகன் அண்ணன்.

"பொய் வேற சொல்றியா? இனிமே வேன எடுத்துக்கினு இந்தப் பக்கம் வராத."

நான் கதவோரமாக நின்றிருந்தேன் மாமா. ஒரே ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. மறுநாள் கிட்டாரை என்னிடமே கொடுத்தீர்கள். பட்டி போட்டு, தேய்த்து, நிறம் கலந்து அடித்துத் தந்தேன். எங்கே அடிபட்டது என்றே தெரியவில்லை மச்சான் என்று என் முதுகில் தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு முருகன் அண்ணன் திண்டிவனத்தில் தன் வீட்டோடு சரி. பொங்கலுக்குக்கூட வந்ததில்லை.

மலர் கேட்டுவிட்டுப் போன பிறகு மூன்று நாள் உப்புத்தாள் போட்டேன். மரத்தின் ரேகையோடு போக வேண்டிய கை, ரேகைக்குக் குறுக்கே போனது. நாலாம் நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போய், அவளையும் மலரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மலர் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அவரு இருக்கறப்ப சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றாள் அக்கா.

அங்கிருந்து அப்படியே பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். முருகன் அண்ணன் வேன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார்.

"நான்தான் எங்கியாவது இடிச்சிட்டனோன்னு இவ்ளோ வருஷமா யோசிச்சிக்கினு இருந்தேன் ரவி," என்றார். "ஆஸ்பத்திரில அண்ணன் கையப் புடிச்சிக்கினு, நான்தான் உடைச்சேன், மன்னிச்சிடுண்ணான்னு சொல்லிட்டேன். அப்பவாச்சும் எங்கிட்ட பேசும்னு. 'விட்றா, சாப்ட்டியா'ன்னு கேட்டுச்சி."

மாமா, நீங்கள் மன்னித்தது என் தப்பை. அதைச் செய்யாதவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். இனி எனக்கென்று உங்களிடம் கேட்க என்ன மன்னிப்பு இருக்கிறது? அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. நீ கிளம்பு என்று மட்டும் சொன்னார்.

பழைய பட்டியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டேன். விரிசலுக்குள் பசை இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறேன். அன்றைக்கே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு இன்னொரு முறை தேய்த்து, சீலர், பிரைமர் என்று அடிப்பூச்சுகள் அடிக்க வேண்டும். மலர் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

அடுத்த மாதம் உங்களுக்கு வருஷத் திதி. முருகன் அண்ணன்தான் உடைத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர் வருவாரா, தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும், இலை போடுவதற்கு முன்னால் எல்லோர் நடுவிலும் நின்று, உடைத்தது நான்தான் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் நம்பிய மச்சான்,
ரவி