உப்புத் தண்ணீர் என்றீர்கள், அப்பா

என் மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது, அப்பா. உள்ளே மஞ்சள் பாய்ந்த களிமண். மில்லின் கிழக்குச் சுவரோரம் துளையிட்டபோது எடுத்தது. ஆய்வு முடிந்தும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அன்று அதைக் கையில் ஏந்தி நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பேச்சுக்குரல் கேட்டது. அது நம் வீட்டுப் பின்சுவர்.

மூடிக்கிடந்த மில்லைப் பூங்காவாக்கப் போகிறார்கள், அதற்குமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று வேலை என்னிடம் வந்தபோது, இடம் காட்ட உங்களைத்தான் கூட்டிப்போனேன். சாயப் பிரிவிலேயே காலம் கழித்தவர் நீங்கள். பாய்லர் பக்கம் போய்க் காலால் தரையைத் தட்டி, "இங்கதாம்மா சாயக்கழிவக் கொட்டுவோம்" என்றீர்கள். கிழக்குப் பக்கம் எப்படி என்று கேட்டேன். "அங்க ஒண்ணும் இல்ல, வா."

நீங்கள் காட்டிய இடத்தில் குரோமியம் இருந்தது. அந்த மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் போட்டோம். அதைப் பார்க்க நீங்கள் இல்லை. பூங்கா திறக்குமுன் கடைசிச் சோதனையாகத்தான் சுவரோரம் துளையிட்டது. அங்கேயும் அதே குரோமியம், நிலத்தடி நீர்வரை இறங்கியிருந்தது.

நான் பள்ளியில் படிக்கும்போது நம் வீட்டு அடிபம்பைக் கழற்றிப் போட்டீர்கள். தண்ணீர் உப்பாகிவிட்டது என்றீர்கள். அப்புறம் தெருக்குழாய்தான். இப்போது அம்மாவிடம் கேட்டேன். "உப்புன்னுதான் சொன்னாரு. நானும் குடிச்சுப் பாத்தேன், எனக்கு உப்பாத் தெரியல" என்றாள்.

தெரிந்திருந்தால் பக்கத்து வீடுகளுக்கு ஏன் சொல்லவில்லை? தெருவையே காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்தீர்களா? தெரியாதென்றால் பம்பை ஏன் கழற்றினீர்கள்? ஒருநாள் உங்கள்மேல் கோபம் வருகிறது. மறுநாள், எங்களையாவது காப்பாற்றினீர்களே என்று தோன்றுகிறது. இரண்டுமே சரியாகப் படவில்லை.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. தெருவிலிருந்த பம்புகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பூட்டினார்கள். பக்கத்து வீட்டு அத்தை அதுவரை சோறு வடித்தது அந்தத் தண்ணீரில்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா அப்பவே பம்ப எடுத்துட்டாரே, எதுக்குன்னு சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"உப்புன்னு சொன்னாரு அத்தை."

பொய்யில்லைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது வேறு ஆலைகளில் பழைய தொழிலாளிகள் வந்து இடம் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டபின், அவர்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். முதல் துளையை ஆலையின் அந்தப் பக்கம் போடச் சொல்கிறேன்.