கதவு திறந்துதான் இருந்தது

ஜூன் 12, திங்கள்

மழை. ஹட்டனில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. குடைக்கம்பி உடைந்தது. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

பெயர் சொல்லாத ஒருவர், பத்திரிகைக்குச் செய்தி என்று எனக்குப் போன் செய்தார். றொசல்லப் பக்கத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணியை, சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்டோர் அறையில் பிடித்து வைத்தார்களாம். தோட்டத்து மரம் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது. சந்தேகம் அவள் கணவன் மீது. அவன் அதன்பிறகு கொழும்புக்குப் போய்விட்டான். அவன் வரச் சம்மதிக்கும்வரை இவளை விடவில்லையாம். இருட்டிய பிறகுதான் வெளியே.

பெயர் சொல்லாதவர்கள் தரும் செய்தியில் பாதி பழிவாங்கல். போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

மூடுபனி. ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். மீதி நடை.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சிரித்த முகம். தேநீர், பிஸ்கட். "அடைச்சு வச்சோமா? கதவு தெறந்துதான் இருந்திச்சிங்க சார். மழைக்கு ஒதுங்கி ஒக்காந்திருந்தா."

காவற்காரன்: "கதவு தெறந்துதான் இருந்திச்சி."

லயத்து வரிசை வீடுகளில் துணி காயப்போட்ட பெண்ணும் அதையே சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்த பாடம்.

கடைசியாகச் செல்வராணி, இடுப்பில் கைக்குழந்தையோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. தெறந்துதான் இருந்திச்சி."

மிரட்டியிருக்கிறார்கள். அல்லது போனில் பேசியவர் பொய்யர்.

அவளுடைய அண்ணன் மனைவி பார்வதி குறுக்கே வந்தாள். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். "பேப்பர்ல போட்டுட்டு நீங்க பஸ் ஏறிருவீங்க சார். விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல போய் நிக்கிறது நாங்கதானே?"

கோபமா, பயமா? எதையோ மறைக்கிறாள்.

ஜூன் 15, வியாழன்

கொஞ்சம் வெயில். சட்டைகள் காய்ந்தன.

கொட்டகலையில் பழக்கமான சட்டத்தரணி. சட்டவிரோதமாக அடைத்து வைத்தல்: சிறை, அபராதம், அல்லது இரண்டும். நாட்கணக்கில் வைத்திருந்தால் தண்டனை கூடும். பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

"எழும்பிப் போக முடிஞ்சிச்சா இல்லையா, அதான் கேள்வி. ஏன் போகலன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

பஸ்ஸில் யோசனை. செல்வராணிக்குப் பால்குடி மறக்காத பிள்ளை. பகலில் மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைக்காம்பராவில்தான் பால் கொடுப்பாள். ஸ்டோருக்கு நேர் எதிரே அது. சனிக்கிழமை மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவள் பிள்ளை எங்கே இருந்தது?

எல்லோரும் ஸ்டோர்க் கதவைப் பற்றித்தான் சொன்னார்கள். உண்மையையே சொன்னார்கள்.

ஜூன் 16, வெள்ளி

மறுபடி மழை. செல்வராணியிடம் அந்த ஒரே கேள்வி: பிள்ளை எங்கே இருந்தது? அழுதுவிட்டாள்.

"புள்ளய காம்பராக்குள்ள வச்சு பூட்டிட்டாங்க சார். சாவி கணக்கப்பிள்ளை கையில. புள்ள கத்துறது எனக்குக் கேக்குது. நா எங்க எந்திரிச்சுப் போவேன்?"

ஏன் பொலிசுக்குப் போகவில்லை?

"பூட்டுனது மதினி. கணக்கப்பிள்ளை சொல்லித்தான் பூட்டிச்சி. நா வாயத் தெறந்தா மதினியத்தானே உள்ள தூக்கிப் போடுவாங்க."

திரும்பினால், வாசலில் பார்வதி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. இறங்கிப் போனாள். நேரே கணக்கப்பிள்ளையிடம்தான் ஓடுவாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, சனி

மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

முறைப்பாடு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கப் பொலிஸ் நிலையம் போனேன். எனக்கு முன்பே சார்ஜன்ட்டின் மேசைக்கு எதிரே பார்வதி. பக்கத்தில் யாரும் இல்லை.

சார்ஜன்ட்டுக்குச் சிங்களம் கலந்த அரைகுறைத் தமிழ். "நோனா, நீங்க பூட்டினது சொன்னா நீங்கதான் முதல் சந்தேக நபர். தெரியும்தானே? வீட்டுக்குப் போய் பேசி முடிங்க."

"தெரியும் மாத்தியா. எம் பேர மொதல்ல போடுங்க. பூட்டச் சொன்னவரு பேர அதுக்குக் கீழ எழுதுங்க. அது இல்லாம நா சைன் வைக்க மாட்டேன்."

சார்ஜன்ட் பேனாவை மூடினார். தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தார். அவள் எழும்பவில்லை.