என் வாயில் என் குரல்

பிப். 11, செவ்வாய்

காலையில் கடும் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேன். சர்க்கரை மாத்திரை மறந்து, மகள் மலரிடம் திட்டு. அவள் திட்டினால் திண்டிவனம் முழுக்கக் கேட்கும், எனக்குப் பாதி கேட்கும். நாலு வருஷமாக இதே கதை. காது மெஷின் போட்டுக்கொண்டு, ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பரவாயில்லை.

பத்து மணிக்கு டைரக்டர் தம்பி வந்தார். மெஷின் தெரியாமல் முடியை இழுத்து விட்டுக்கொண்டேன். முடிவாகிவிட்டது! விழுப்புரம் தாண்டி, காணைப் பக்கம் ஒரு வீட்டில் ஷூட்டிங், வெள்ளியும் சனியும். அப்பா வேஷம். ஒரே சீன், நாலே வசனம். பத்து வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிற மகளிடம் பேசுவது.

"டப்பிங் கெடையாது சார். ஸ்பாட்ல நீங்க பேசறதுதான் படத்துல வரும். உங்க பேச்சுக்காகத்தான் தேடிக்கினு வந்தேன். இந்த ஊரு பேச்சு அப்படியே வேணும்."

நம்பாதவன் மாதிரி இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். அவர் போனதும் பின்கட்டில் நின்று அழுதேன். எண்பத்திரண்டு வயசு ஆளுக்கு இது தேவையா?

பிப். 12, புதன்

பனி குறைவு. வசனத்தாள் வந்தது. மத்தியானம் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. அமிர்தம்.

எத்தனை படம் நடித்தீர்கள் என்று டைரக்டர் கேட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. போலீஸ் நாலு, போஸ்ட்மேன் இரண்டு, சாமியார், வேலைக்காரன், பிணம் (ஒருமுறை), மற்றதெல்லாம் கூட்டத்தில் ஒருவன். வாய் திறந்தது ஐந்தில். ஐந்திலும் வேறு ஆள் குரல். "தென்னாற்காட்டு வாடை அடிக்குதுப்பா" என்று சொல்லி மாற்றிவிட்டார்கள்.

முதல் படம் வி.புரத்துக்கு வந்தபோது அம்மாவைக் கூட்டிப்போனேன். கரும்பு வெட்டிவிட்டு நேரே வந்தாள். திரையில் நான் வாய் திறந்தேன். "டேய், உன் வாயில எவன்டா பேசறான்?" என்றாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவளை எந்தப் படத்துக்கும் கூட்டிப்போகவில்லை. அவளும் கேட்கவில்லை.

குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது ஒன்பது வயசு. அன்றிலிருந்து பட்டினி தெரியாது. கூலிக்காரன் பிள்ளைக்கு ராஜா வேஷம் கொடுத்தார்கள். எங்கள் அப்பாவைத் தள்ளி நிற்கச் சொன்ன ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கை தட்டினார்கள். வேறு எந்தத் தொழில் இதைக் கொடுத்திருக்கும்?

கம்பெனி வாத்தியார் முழுப்பாடம் என்று ஒன்று வைத்திருந்தார். உன் வசனம் மட்டும் தெரிந்தால் போதாது, நாடகத்தில் எல்லார் வசனமும் மனப்பாடமாக வேண்டும். எவன் காய்ச்சலில் படுத்தாலும் நாடகம் நிற்கக் கூடாது. அந்தப் புண்ணியவானால்தான் இப்போது தைரியம். மகள் வேஷக்காரியின் வசனத்தையும் சேர்த்துப் படித்துவிட்டேன். அவள் பேசும்போது மனசுக்குள் அதை ஓட்டுவேன், முடியும் இடத்தில் நான் தொடங்குவேன். காது எதற்கு?

காது விஷயத்தை அங்கே வாய் விடாதே என்று மலரிடம் சொன்னேன். முறைத்தாள். தெரிந்தால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களே!

பிப். 14, வெள்ளி

கொண்டுபோனவை: மாத்திரை டப்பா, வேட்டி 2, வெந்நீர் பிளாஸ்க், அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), மலர். தையல் கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டுவிட்டாள்.

ஆறு மணி பஸ். வி.புரத்தில் இறங்கி டீ. அங்கிருந்து காணை.

மேக்கப்காரர் காதோரம் சீவும்போது மெஷின் 'கீ' என்று கத்தியிருக்கிறது. எனக்குத் தெரியாது. எல்லாரும் மேலும் கீழும் பார்த்தார்கள். சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி உதறினார். ஒருத்தர் ஓடிப்போய் பிரிட்ஜை அணைத்தார். நானும் அவர்களோடு சேர்ந்து மோட்டுவளையைப் பார்த்தேன். மலர் தன் காதைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. திருட்டுத்தனமாக மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

மகள் வேஷத்துக்கு வானூர்ப் பெண், தீபா. கண்ணிலேயே நடிக்கிறாள்.

முதல் டேக் முடிந்ததும் டைரக்டர் முகத்துக்கு நேரே வந்து, "சார், தீபா பேசும்போது உங்க உதடும் அசையுது. அவங்க வசனத்தையும் நீங்களே சொல்றீங்க" என்றார்.

முழுப்பாடம்! எழுபது வருஷப் பழக்கம். மேடையில் எவன் என் உதட்டைப் பார்த்தான்? இங்கே கேமரா மூக்குக்கு முன்னால் நிற்கிறது.

உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி. இப்போது கணக்குத் தவறியது. அவள் நடுவில் அழுது நிறுத்தினாள், நான் குறுக்கே பேசிவிட்டேன். கட். அடுத்த தடவை அவள் முடித்துவிட்டுக் காத்திருக்கிறாள், நான் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கட். ஒன்பது டேக்.

அசிஸ்டெண்ட் ஒருத்தர் குனிந்து, காதோரமாக: "டென்ஷன் ஆவாதீங்க சார். சும்மா வாய அசைங்க, போதும். அப்பறமா வேற ஆள வச்சி பேசிக்கலாம்."

இது மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டது.

நாளைக்குப் பார்க்கலாம் என்று டைரக்டர் அனுப்பிவிட்டார். சோறு இறங்கவில்லை. ஒரே பேஜாரு. திரும்பும் பஸ்ஸில் மலர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதில்தான் ரொம்பப் பயந்துபோனேன்.

பிப். 15, சனி

மேகமூட்டம். மழை இல்லை, நல்லவேளை.

எல்லாருக்கும் முன்னால் போனோம். தீபா தனியாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, மெஷினை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "எனக்குக் காது கேக்காதும்மா. மறைச்சிட்டேன். உன்ன ஒம்பது தபா அழ வச்சிட்டேன். மன்னிச்சிடு."

அவள் மெஷினைத் துடைத்து என் கையில் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னாள். "என்னா அய்யா நீங்க! நான்தான் மட்டமா நடிக்கிறேன்னு நெனச்சிகினு ரூமுக்குப் போயும் அழுதேன். கைய குடுங்க. உங்க கைய புடிச்சிகினே பேசறேன். முடிச்சதும் ஒரு அழுத்து. அப்ப நீங்க பேசுங்க. அவ்ளோதான!"

பிறகு டைரக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா வேற ஆள பாத்திருப்பீங்க."

"பாத்துதான் இருப்பேன்" என்றார். "இப்ப பாக்க மாட்டேன். வாங்க." உள்ளதைச் சொன்ன மனுஷன். நன்றாக இருக்கட்டும்.

மறுபடி 'கீ' என்று கத்தக் கூடாதென்று மெஷினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தீபா வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், கையைப் பிடித்தாள். நான் மனசுக்குள் எதையும் ஓட்டவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எதிராளியின் வசனத்தை விட்டுவிட்டு எதிராளியைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. உதடு தானாக மூடிக்கிடந்தது. ஒரு அழுத்து.

"வந்துட்டியா." அழுத்து. "கதவு தொறந்துதான் கெடந்துச்சி." அழுத்து. "எளச்சிட்ட." கடைசி அழுத்து. "எழுந்து கை கழுவு. சோறு துன்னுட்டு பேசலாம்."

டைரக்டர் கட் சொன்னது தெரியவில்லை. எல்லாரும் கை தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. சவுண்டுக்காரர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். நேற்றைய அசிஸ்டெண்ட் டீ கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஆள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தெய்வமே, ரொம்ப நன்றி.

கிளம்பும்போது சவுண்டுக்காரர் கூப்பிட்டார். கேட்கிறீர்களா என்று சைகை. ஹெட்போனை என் தலையில் மாட்டி, ஏதோ ஒன்றைக் கடைசிவரை திருகினார்.

முதலில் காற்று. ஒரு காக்கா. பிறகு ஒரு பெண் குரல், பக்கத்தில், ரொம்பச் சன்னமாக. தீபா இல்லை. யாரென்று தெரியவில்லை.

"ஆத்தா, மாரியாத்தா, எங்க நைனா பேசறத இந்த ஒரு தபா அப்படியே வுட்ரு. எவனும் உள்ள பூந்து பேசிடக் கூடாது."

டேக்குக்கு முன்னால் மலர் வந்து என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். சட்டைக்குள் குத்தியிருந்த மைக் அப்போதே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கேட்காது என்று அவள் பாட்டுக்குப் பேசியிருக்கிறாள். நாலு வருஷமாக வீட்டில் கத்திக் கத்தியே பேசி, அவள் சாதாரணமாகப் பேசினால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"பயப்படாத நைனா. நீ நல்லா பேசுவ."

அப்புறம் தீபா. அப்புறம் நான். கிழட்டுக் குரல், கொஞ்சம் கரகரப்பு, நம்ம ஊர்ப் பேச்சு. நன்றாகத்தான் இருந்தது.

போதுமா என்று சவுண்டுக்காரர் கையால் கேட்டார். நான் பேசுவது இருக்கட்டும், அதற்கு முன்னால் வருகிற அந்த இடத்தை இன்னொரு தபா போடுங்கள் என்றேன்.