பெல்ட்டுக்குள் வெந்நீர்ப் பை

இல்மாவின் வளைந்த முதுகெலும்புக்கு ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. முதுகை நிமிர்த்தும் பெல்ட்டைத் தினமும் பதினெட்டு மணி நேரம் போட வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டாள் என்று கணக்கிட, உள்ளிருக்கும் சிப் உடம்புச் சூட்டைப் பதிவு செய்யும். மகள் பள்ளிக்குப் போன பிறகு, கட்டிலடியில் அந்தப் பெல்ட்டையும் அதற்குள் வெந்நீர்ப் பையையும் கண்ட நஸ்ரியா, வேலைக்குக் கிளம்புமுன் எழுதினாள்:

கண்ணு, தேங்காப்பால் சோறு மூடி வெச்சிருக்கேன். டியூஷனுக்குப் போறப்ப சாவிய எதுத்தூட்டுல குடுத்துரு. பெல்ட்டுப் போடலன்னு நேத்து உன்னையப் பாத்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ‘நீ போட்டுப் பாரும்மா’ன்னியே, இன்னைக்குப் போட்டுப் பாத்தேன். பத்து நிமிசம் தாங்கல. நாளைக்கு டாக்டர் கேட்டா என்ன சொல்றதுன்னு அம்மாவுக்குத் தெரியல.

அடியில், இடமில்லாமல் நெருக்கி:

பையில தண்ணி ஆறிப்போச்சு. வேற சுடுதண்ணி ஊத்தி வெச்சுப்போட்டுத்தான் போறேன்.