பாட்டுப் போடாத கசெட்

மச்சான்,

விரலில் ஸ்பிரிட் மணம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். இன்று மத்தியானம் உன் பழைய பீட்டா வீடியோ டெக்கைத் திறந்து, நாடாவை வாசிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். நீ செய்வதுபோலத் துணியை அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் விரலால் மெல்லச் சுழற்றினேன். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போய்விடும் என்று நீ என்னை எத்தனை தரம் ஏசியிருப்பாய். இன்றைக்கு அது போனால் வேறு ஹெட்டுக்கு எங்கே போவது?

நீ கண்மூடிய பிறகு முதல் தரமாக உன் மகள் போன கிழமை கடைக்கு வந்தாள். தன் முதலாவது பிறந்தநாள் வீடியோ வேண்டும் என்றாள். நான் பெரிய ஆள்போல உடனே டி.வி.டி. ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டாள். கேக் வெட்டுவதிலிருந்து ஆட்கள் சாப்பிடுவது வரை ஒரே சினிமாப் பாட்டு.

"மாமா, இதில அப்பாட சத்தம் எங்க?"

தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு நீ சிலேட்டில் எழுதிக் காட்டத் தொடங்கியபோது அவளுக்கு மூன்று வயது. நீ எப்படிக் கதைப்பாய் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. எந்த விசேஷத்திலும் கமராவுக்குப் பின்னால் நின்றவன் நீ. அதனால் எந்தப் படத்திலும் உன் முகம் இல்லை. குரல் இருந்திருக்கும். அதை அழித்தவன் நான்.

அவளிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தச் சண்டையெல்லாம் நீயும் நானும் பிடித்ததுதானே. எங்கள் வெள்ளவத்தை வீடியோக் கடையில் ஒரு சுவர் முழுக்க உன் பீட்டா கசெட், எதிர்ச் சுவர் முழுக்க என் வி.எச்.எஸ். படம் துப்புரவு பீட்டாவில்தான் என்று நீ நின்றாய். சனம் எங்கே போகுதோ அங்கே நான் நின்றேன். கடைசியில் உன் சுவரில் தூசிதான் மிஞ்சியது. கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றையும் வி.எச்.எஸ்.ஸுக்கு மாற்றிய நாட்களில், ஒன்றுவிடாமல் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். டி.வி.டி. வந்ததும் அந்த வி.எச்.எஸ்.ஸிலிருந்தே பிரதி எடுத்தேன். நீ ஒருநாள் சிலேட்டில் எழுதிக் காட்டினாய்: "சனத்தின்ர சத்தம் இருக்கட்டும். பாட்டு ரேடியோவிலயும் கேக்கலாம்." நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பீட்டா வெறும் கசெட் கொழும்பில் கிடைக்காமல் போன காலத்தில் பீட்டா கேட்டு வந்த ஆட்களுக்காக நான் பழைய கசெட்டுகளின் மேலேயே சினிமாப் படம் பதியத் தொடங்கினேன். ஒருநாள் இந்தப் பிறந்தநாள் கசெட்டையும் எடுத்தேன். நீ என் கையிலிருந்து பறித்து, மேலே ஒன்றும் பதிய முடியாதபடி அதன் பின்பக்கப் பிளாஸ்டிக் பல்லை என் கண்முன்னாலேயே உடைத்தாய். டெக்கையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்விட்டாய். ஒரு வருடம் நாங்கள் முகம் பார்க்கவில்லை.

அந்தக் கசெட்டை உன் அலுமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னில் கண்டெடுத்தாள் உன் மகள். டெக்கைப் படுக்கை விரிப்பால் சுற்றி, திரீவீலரில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே ரப்பர் பெல்ட் பிசின்போல உருகிக் கிடந்தது. இரத்மலானையில் பழைய ரேடியோ திருத்தும் ஒருவரிடம் அலைந்து வேறொன்று வாங்கினேன். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். ஒருதரம் ஓடும், இரண்டாம் தரத்துக்கு நான் பொறுப்பில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று ஹெட்டைத் துடைத்தபின் கணினிக்கு வயரைக் கொழுவிப் பட்டனை அழுத்தினேன். முதலில் திரை முழுக்க வெறும் பூச்சிப் புள்ளிகள். டெக்குக்குள்ளே ஏதோ கிறீச்சிட்டது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தேன். கோடு கோடாகப் படம் வந்தது. மஞ்சள் சட்டையில் ஒரு குழந்தை.

"அம்மாச்சி, இஞ்ச பாரும்மா. அப்பாவைப் பாரும்மா."

நீ அவளை மூன்று தரம் கூப்பிட்டாய். மூன்றாம் தரம் குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அன்று உன் கமராவோடு வயரால் பூட்டிய ரெக்கோடரைத் தோளில் கொழுவிக்கொண்டு உன் பக்கத்தில் நின்ற நான் ஏதோ பகிடி விட, நீ என்னை அதட்டினாய்.

"நீ கதையாத மச்சான். உன்ர சத்தமும் விழும்."

நான்கு நிமிடம். பிறகு நாடா சிக்கி அறுந்துவிட்டது. அதுவரை ஓடியது பதிவாகியிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் பாட்டு ஒண்டும் போடாதீங்க, மாமா" என்றாள்.

வயர் வழியாகப் பதியும்போது அறைச் சத்தம் விழாது. நாற்பது வருடமாக இதே தொழில் பார்க்கிறவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் அந்த நான்கு நிமிடமும் வாயை இறுகப் பொத்திக்கொண்டுதான் அழுதேன், மச்சான்.