அக்காவின் குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் சொல்லத் தைரியமில்லை, எழுதுகிறேன். மருத்துவமனைக்கு அழைப்பவர்களுக்கு டாக்டர் வரும் நேரத்தைச் சொல்ல நாங்கள் செய்யும் இயந்திரத்துக்கு, நீ பதிவு செய்து கொடுத்த குரல் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. சிலரைக் கேட்க வைத்துக் கருத்துக் கேட்டோம். தெளிவாகப் புரிகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். “நம்புவீர்களா?” என்று கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்கள். படித்தவர் பேச்சு மாதிரி இல்லையாம். ஆனாலும் உன் குரல் வீணாகாது, குழந்தைகள் விளையாட்டு ஒன்றில் வரும். கோபிக்காதே.

உன் தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். அதே மருத்துவமனையில் தினமும் நான்தான் டோக்கன் கூப்பிடுகிறேன். இதுவரை நம்பாமல் யாரும் எழுந்து போகவில்லை. அது போகட்டும்.

என் மகள் தோழி வீட்டில் அந்த விளையாட்டைப் பார்த்தாளாம். அதில் வரும் டாக்டரம்மாவுக்கு வேறு குரல். தட்டை உடைத்துவிட்டுத் திட்டு வாங்கும் வேலைக்காரிக்கு என் குரல். “தெரியாம உடைச்சிட்டேங்க” என்று அது அழ, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நான் ஒருநாளும் சொல்லாததை என் குரலில் எப்படியடா சொல்கிறது? அவள் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அலுவலகக் கூட்டத்தில் மேலாளரிடம் கேட்டேன். “நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?” என்றார். குரலை எதற்கும் பயன்படுத்தலாம் என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் நினைவுபடுத்தினார். டாக்டருக்கு உன் குரலையும் வேலைக்காரிக்கு டாக்டரின் குரலையும் மாற்றிப் போடலாமே என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துக் கூட்டமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன் அக்கா. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தம்பி

ஜூன் 27

அன்புத் தம்பிக்கு,

உன் மேல் கோபமில்லை. நீ மட்டும் என்ன செய்வாய்.

நேற்றுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கிளம்பும்போதே மகள், “அம்மா, வந்தா பேசாம நில்லு, போதும்” என்றாள். நின்றேன். வீட்டில் எப்படிப் படிக்கிறாள் என்று டீச்சர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குத் தொண்டை சரியில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு பிடித்தாள், அதனால் நானும் வழியெல்லாம் பேசவில்லை.

இனிமேல் போன் செய்யாதே, அவள் பக்கத்தில் இருப்பாள். எழுது, நானும் எழுதுகிறேன். எழுத்தில் நானும் அந்த டீச்சர் மாதிரிதான் இருக்கிறேன்.

அக்கா